படமெடுக்கும் அறையில் மயக்கம் வருவது ஏன்?

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடைமடைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி தஞ்சாவூருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. சேற்றிலும் வெயிலிலும் உழைத்து உரமேறிய உடம்பு. இரண்டு மாதமாக இடுப்பில் வலி; அது இடக்காலில் இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ‘வெறும் வயிற்றோடுதான் போகவேண்டும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விடியற்காலை முதல் பேருந்தில் ஏறிவிட்டார். பதினொரு மணிக்கு அவர் முறை வருகிறது. படுக்கை மெல்ல நகர்ந்து குழாய்க்குள் செல்கிறது. முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூரை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, மூச்சு முட்டுகிறது. “மயக்கம் வருகிறது, வெளியே எடுங்கள்!” என்று கூவுகிறார். வெளியே வந்ததும், “இது எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறார்.

அவருடைய வலிக்குக் காரணம் விலகிய முதுகெலும்புத் தட்டாக இருக்கலாம், முதுகெலும்பைத் தாக்கும் காசநோயாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். இவற்றுள் சில, காலங்கடந்தால் காலையே செயலற்றதாக்கிவிடும். எடுக்காமல் விட்ட படத்தின் விலை அது. அந்த விலையைக் கொடுக்க வைத்தது நோயும் அல்ல, இயந்திரமும் அல்ல. சில நிமிட மயக்கமும் அச்சமும்தான்.

அந்த மயக்கம் என்ன? அது உடலின் எந்த மூலையில் பிறக்கிறது? அதை எப்படிச் சமாளிப்பது? இவற்றைத் தெரிந்துகொண்டால், உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்த நிலை வரும்போது கைகொடுக்கும்.

அச்சம் புதிதல்ல

நோயாளியைப் படமாக்குவது தஞ்சைக்குப் பழகிய செய்திதான். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் காலத்தில், கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் தனித்தனியே எழுதப்பட்டன. நோயுற்ற கண்கள் வண்ணத்தில் வரையவும் பட்டன. சரசுவதி மகால் நூலகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. ஓவியரின் முன் அமர்ந்திருப்பதில் யாருக்கும் அச்சம் தோன்றியிராது. ஓவியர் வெளியே தெரிவதைத்தான் வரைவார்.

உள்ளே இருப்பதைக் காட்டும் படம் வந்தபோதுதான் அச்சமும் உடன் வந்தது. 1895 நவம்பரில் செருமானிய அறிவியலார் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். மோதிரத்தோடு கூடிய எலும்புக் கையைக் கண்ட அந்த அம்மையார், தம் சாவையே நேரில் கண்டதுபோல் அதிர்ந்தார் என்று சொல்வார்கள். எனவே, படத்தைக் கண்டு அஞ்சிய முதல் மனிதர் கண்டுபிடித்தவரின் வீட்டிலேயே இருந்தார்!

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. டெல்டா வயல்களுக்கு நீர் தேக்கித் தரும் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தஞ்சையில் 1959இல் மருத்துவக் கல்லூரி வந்தது. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. ஒரு காலத்தில் சென்னைக்கோ வேலூருக்கோ போய் எடுத்த படங்களை இன்று பக்கத்து நகரத்திலேயே எடுக்க முடிகிறது. தூரம் குறைந்துவிட்டது, அச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஒரு சொல், மூன்று நிகழ்ச்சிகள்

‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். கண் இருண்டு கீழே விழுவதும் மயக்கம்தான். நெஞ்சு படபடத்து உலகம் சுழல்வதும் மயக்கம்தான். பசியால் கைகால் நடுங்குவதும் மயக்கம்தான். ஆனால், உடலுக்குள் இவை மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். முதலாவதில் இரத்த அழுத்தம் சரிகிறது. இரண்டாவதில் அது பெரும்பாலும் ஏறுகிறது. மூன்றாவதில் நீரோ சர்க்கரையோ குறைகிறது. ஆகவே மூன்றுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எக்ஸ் கதிர் உடலில் புகுவதை நம் ஐம்புலன்களில் ஒன்றும் உணராது. வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் கேளா ஒலியையும் நாம் உணர்வதில்லை. ஆதலால் எக்ஸ்ரே அறையில் வரும் மயக்கத்துக்குக் கதிர் காரணமன்று. முறிந்த கையைத் திருப்பி வைக்கும்போது உண்டாகும் வலி, நெடுநேரம் நின்றது, காலையிலிருந்து சாப்பிடாதது, அச்சம் ஆகியவையே காரணங்கள்.

மேட்டு வயலும் மூளையும்

முதல்வகை மயக்கத்தைக் காவிரிப் படுகை மக்களுக்கு விளக்குவது எளிது.

ஒரே வாய்க்காலில் பாயும் மேட்டு வயலையும் பள்ள வயல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் நீர்மட்டம் உயர்ந்து நின்றால்தான் மேட்டு வயலுக்கு நீர் ஏறும். தலைமதகைச் சற்றே இறக்கிவிட்டு, அதே நேரத்தில் பள்ளத்து மடைகளை எல்லாம் திறந்துவிட்டால் என்ன ஆகும்? நீர் முழுவதும் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வயல் காயும்.

நம் உடலில் இதயம்தான் தலைமதகு. கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்கள் பள்ளத்து மடைகள். நிற்கும்போது இதயத்துக்கு ஏறத்தாழ ஓரடி உயரத்தில் இருக்கும் மூளைதான் மேட்டு வயல். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, நாம் பயன்படுத்தும் ஆக்சிசனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதற்கு நிமிடந்தோறும் சுமார் 750 மில்லி லிட்டர் இரத்தம் தேவை. அந்த ஓட்டம் சில வினாடிகள் நின்றாலே நினைவு தப்பிவிடும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. உடனே நரம்பு மண்டலம் கீழேயுள்ள குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி அழுத்தத்தைச் சரிசெய்கிறது. ஆனால் சிலருக்கு ஊசியைக் கண்டாலோ, இரத்தத்தைப் பார்த்தாலோ, வலி வந்தாலோ இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. வேகஸ் என்னும் நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. தலைமதகு இறங்குகிறது, பள்ளத்து மடைகள் திறக்கின்றன. முகம் வெளுக்கிறது, வியர்க்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, காதில் இரைச்சல், கண் இருள்கிறது, ஆள் விழுகிறார். குழாய்களும் வேகஸ் நரம்பும் சேர்ந்து செய்யும் இம்மயக்கத்தை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932இல் விரிவாக எழுதினார்.

விழுந்ததும் என்ன நேர்கிறது? உடல் கிடைமட்டமாகிறது. வயலைப் பரம்படித்துச் சமப்படுத்தியது போல, மேடும் பள்ளமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. மூளைக்கு இரத்தம் பாய்கிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்புகிறது. ஆகவே மயங்கியவரைத் தூக்கி உட்காரவைத்து, சுற்றி நின்றுகொண்டு வாயில் சோடாவை ஊற்றுவது முற்றிலும் தவறு. உட்காரவைப்பது சமமான வயலை மறுபடி மேடாக்குவதற்கு ஒப்பாகும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். காற்று வரட்டும். அது போதும்.

ஊசிக்கு அஞ்சுபவருக்கு ஓர் உபாயம்

சி.டி. படத்துக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் சிலருக்கு நரம்பு வழியே ஒரு மருந்து செலுத்துவார்கள். உறுப்புகளைத் தெளிவாகக் காட்டுவதற்கான மருந்து அது. முதல்வகை மயக்கம் பெரும்பாலும் இந்த ஊசியின்போதுதான் வருகிறது. இத்தகைய இயல்பு பல குடும்பங்களில் வழிவழியாக வருவதைக் காணலாம். இது கோழைத்தனம் அன்று. களத்தில் நூறு மூட்டை நெல் சுமப்பவரும் ஊசியைக் கண்டதும் சாய்வதுண்டு.

சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் லார்ஸ் கோரன் ஊஸ்ட் 1980களில் இதற்கு ஓர் எளிய பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிறு ஆகியவற்றின் தசைகளை இறுக்கிப் பத்துப் பதினைந்து வினாடி அப்படியே வைத்திருங்கள். முகத்தில் இளஞ்சூடு ஏறுவது தெரியும். பிறகு இருபது முப்பது வினாடி தளர்த்துங்கள். இப்படி ஐந்து முறை. இறுகிய தசைகள் கீழே தேங்கிய இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. பள்ளத்து மடையை அடைத்தது போல அழுத்தம் உயர்கிறது. ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் நல்லது, “எனக்கு ஊசியென்றால் மயக்கம் வரும், படுக்கவைத்துப் போடுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

சி.டி. படத்துக்கான அயோடின் மருந்து ஏறும்போது உடலெங்கும் குப்பென்று சூடு பரவும். வாயில் உலோகச் சுவை தோன்றும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூட ஐயம் வரும். இவை ஒரு நிமிடத்தில் மறையும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உடம்பில் தடிப்பு, அரிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் எது தோன்றினாலும் ஒரு நொடியும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அது மயக்கமன்று, ஒவ்வாமை. அதற்கு உடனடிச் சிகிச்சை தேவை.

குழாய்க்குள் வரும் படபடப்பு

நம் விவசாயிக்கு வந்தது இரண்டாம் வகை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் குழாய் 60 அல்லது 70 சென்டிமீட்டர் அகலமே உள்ளது. உள்ளே போனதும் ‘இங்கிருந்து தப்ப முடியாது’ என்று மனம் கூக்குரலிடுகிறது. உடல் அதை நம்பி, ஓடுவதற்கு ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; மூச்சு வேகமாகிறது. ஆனால் ஓடத்தான் வழியில்லை.

வேகமாக மூச்சுவிடும்போது உடலிலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். உதடும் விரல்களும் மரத்துப்போகும். காற்று மிகுதியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ‘மூச்சு முட்டுகிறது’ என்று தோன்றுவது இதன் வேடிக்கை. அதனால் இன்னும் வேகமாக மூச்சுவிடுகிறார். கிறுகிறுப்பு இன்னும் கூடுகிறது. இதற்குத் தசையை இறுக்கும் பயிற்சி உதவாது. மூச்சை, அதிலும் வெளிமூச்சை, நிதானப்படுத்துவதே மருந்து.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்பது தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று எண்ணிக்கைக்கு மூச்சை இழுங்கள். ஐந்து எண்ணிக்கைக்கு மெல்ல விடுங்கள். தாளத்தை மனத்துக்குள் போடுங்கள், கையால் போட்டுவிடாதீர்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும்!

அந்த இயந்திரம் உங்களை என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி அச்சம் போய்விடும். நம் உடலில் பாதிக்கு மேல் நீர். நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள் போன்றவை. வலிமையான காந்தம் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது. வானொலி அலையைச் செலுத்தி அவற்றை அசைத்துவிட்டால், பழைய நிலைக்கு மீளும்போது அவை ஒரு மெல்லிய அலையைத் திருப்பித் தருகின்றன. அந்த அலையைக் கணிப்பொறி படமாக்குகிறது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. வழக்கமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா காந்தம் புவிக்காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதற்குள் நகரும்போது உட்செவி நீர்மத்தின் மேல் காந்தம் செலுத்தும் சிறு விசையால் மிகச் சிலருக்கு லேசான தலைசுற்றல் தோன்றலாம். அசையாமல் இருந்தால் அடங்கிவிடும்.

உள்ளே ‘டக் டக்’ என்று கேட்கும் பேரோசை எங்கிருந்து வருகிறது? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்கும் தத்துவம்தான் இங்கும். காந்தப் புலத்துக்கு நடுவே உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் அதிர்கிறது; அதிர்வு ஒலியாகிறது. ஒலி 100 டெசிபலைத் தாண்டுவதுண்டு. அதனால்தான் காதடைப்பான் தருகிறார்கள். ஓசை கேட்டால் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்; வேலை செய்கிறது என்று பொருள்.

இந்தக் கருவியை ஆக்கியவர்களும் துணிந்துதான் உள்ளே போனார்கள். 1977இல் அமெரிக்கர் டமாடியன் தம் உடலையே முதலில் படமெடுக்க முயன்றார். அவரது பருமனால் படம் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய மெலிந்த உதவியாளர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அசையாதிருந்து படத்துக்கு உதவினார். 1978இல் ஆங்கிலேயர் பீட்டர் மான்ஸ்பீல்டு, இதயத்துக்குக் கேடு நேரலாம் என்ற எச்சரிக்கை வந்திருந்தும், தம் கணக்கை நம்பித் தாமே கருவிக்குள் நுழைந்தார். கேடு ஒன்றும் நேரவில்லை. 2003இல் அவருக்கும் லாட்டர்பருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஐந்து மணி நேரம் பிடித்த வேலை இன்று பெரும்பாலும் அரைமணி அளவில் முடிந்துவிடுகிறது.

வெறும் வயிறும் தாய்மார்களும்

மூன்றாம் வகை மயக்கத்தை முற்றிலும் தவிர்க்கலாம். எல்லாப் படங்களுக்கும் பட்டினி தேவையில்லை. வயிற்றுப் படத்துக்கும், மயக்க மருந்து தருவதாக இருந்தாலும் உணவைத் தவிர்க்கச் சொல்வார்கள். கைகால் எக்ஸ்ரேக்கும், மயக்க மருந்து இல்லாமல் எடுக்கும் முதுகு எம்.ஆர்.ஐ. படத்துக்கும் பொதுவாகப் பட்டினி வேண்டியதில்லை. “எத்தனை மணி நேரம் சாப்பிடக்கூடாது? தண்ணீர் குடிக்கலாமா?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நீரிழிவு நோயாளிகள் மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்கு வரத்துக் குறைந்தால் மூளைக்குப் பாய்ச்சலும் குறையும். அறையில் தலை கிறுகிறுத்தால் உடனே சொல்லி இடப்பக்கமாகத் திரும்பிப் படுங்கள். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

தாலியும் சாவியும்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நம் பெண்கள் கண்கலங்குவது மற்றொரு காரணத்தால். “தாலியைக் கழற்றுங்கள்” என்கிறார்கள், மனம் துணுக்குறுகிறது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச்சரட்டில் கோத்த ஊக்குகளும் கொக்கிகளும் இரும்பாக இருக்கலாம். எந்த உலோகமும் சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். இதற்கு நம் பெண்களே வழி கண்டிருக்கிறார்கள். வீட்டிலேயே மஞ்சள் கிழங்கு முடிந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். மெட்டி, மூக்குத்தி, தாயத்து, அரைஞாண் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

மயங்கி விழுபவரின் கைகால்கள் சில வினாடி வெட்டி இழுப்பதுண்டு. மூளைக்கு இரத்தம் குறைந்ததன் விளைவு அது. காக்காய் வலிப்பு அன்று. அதைப் பார்த்ததும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் எங்குமே பயனில்லை, எம்.ஆர்.ஐ. அறையிலோ அது பேராபத்து. 2018 சனவரியில் மும்பையில், ஆக்சிசன் உருளையைக் கையில் ஏந்தியபடி அந்த அறைக்குள் நுழைந்த நோயாளியின் உறவினர் ஒருவர், காந்தம் இழுத்த விபத்தில் உயிரிழந்தார். படம் எடுக்காதபோதும் காந்தம் ஓய்வதில்லை. ஆகவே உள்ளே இருப்பவர் மயங்கினால் நீங்கள் பாய்ந்து உள்ளே ஓடாதீர்கள். பணியாளர் அவரை வெளியே கொண்டுவருவார்.

எச்சரிக்கை தேவைப்படும் மயக்கம்

எல்லா மயக்கத்தையும் ‘பயத்தால் வந்தது’ என்று தள்ளிவிடக்கூடாது. படுத்திருக்கும்போதே நினைவு தப்புதல், முன்னறிகுறி இல்லாமல் விழுதல், உழைக்கும்போது மயங்குதல், மார்வலியோடு வருதல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் தஞ்சைக்கு

நம் விவசாயி மறுமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இம்முறை தண்ணீர் குடிக்கலாமா, சாப்பிடலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். இரண்டு இட்டலி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். “சென்ற முறை உள்ளே போய்ப் பயந்துவிட்டேன்” என்று பணியாளரிடம் கூச்சமின்றிச் சொல்கிறார். அவர் கையில் ஓர் இரப்பர்ப் பந்தைத் தருகிறார்: “இதை அழுத்தினால் எனக்கு மணி அடிக்கும், உடனே வெளியே எடுத்துவிடுவேன். கண்ணாடி வழியே உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.” தப்ப வழி இருக்கிறது என்று தெரிந்ததும் உடல் அடங்குகிறது. உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறார். மேலே ஒரு துணியும் போடுகிறார்கள். வெளியே மகன் காத்திருக்கிறான். அவர் மூன்றுக்கு இழுத்து ஐந்துக்கு விடுகிறார். இவ்வளவுக்குப் பிறகும் முடியாதவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அமைதிப்படுத்தும் மருந்து உண்டு. கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வரக்கூடாது.

அரைமணியில் படம் முடிகிறது. அவசரப்படாமல் முதலில் உட்கார்ந்து, பிறகு எழுகிறார். அவருடைய வலியின் காரணம் படத்தில் இருக்கிறது. இனி மருத்துவம் அங்கிருந்து தொடங்கும்.

மேட்டூரில் அணையைத் திறந்தாலும் மடை திறக்காவிட்டால் கடைமடை வயல் விளையாது. மருத்துவமனை எத்தனை பெரிய கருவியை வாங்கி வைத்தாலும், அதற்குள் ஒருவர் அமைதியாகப் படுத்தால்தான் பயன். அந்த மடையைத் திறப்பது ஒரு சொல்: “எனக்குப் பயமாக இருக்கிறது.” அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.